ரசமட்டத்தின் வலது இடுப்பு

மசாஜ் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலரை வருஷம் பிசியோதெரபி படித்து, இருபத்திரண்டு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். எலும்பு டாக்டரின் கட்டடத்துக்குப் பின்புறம், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இரண்டு கட்டில், ஒரு பச்சைத் திரை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். இடுப்பு மூட்டுத் தேய்ந்துபோய் வருகிறவர்களின் காலைக் கையால் இழுத்து, தள்ளி, சுழற்றி, இறுகிப்போன மூட்டுக்குக் கொஞ்சம் இடம் வாங்கிக் கொடுப்பது என் வேலை. எண்ணெய் தடவி உருவிவிடுவது அல்ல. ஆகையால், முதல் நாள் வாசலில் நின்று, "மசாஜ் பண்றது இங்கதானா?" என்று கேட்ட அந்த மனிதர் மேல் எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும்.

எரிச்சல் வருவதற்குள் அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கையிலிருந்த கம்பின் நுனியால் வாசலை ஒட்டிய டைல்ஸைத் தட்டினார். பக்கத்து டைல்ஸையும் தட்டினார். முகம் கோணியது.

"அடியில பசையே இல்ல, பொள்ளலா இருக்கு. இதை வச்ச ஆளு அன்னிக்கு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பான் போல."

பின்னால் வந்த அவர் மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா? வந்த வேலையைப் பாருங்க," என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டைல்ஸில் நானே இரண்டு முறை தடுக்கியிருக்கிறேன்.

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி அவர். வயது ஐம்பத்து மூன்று. வேலைத்தளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரசமட்டம் என்பார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ரசமட்டக் கட்டையை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் கன்னத்தைத் தரையோடு வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அந்த மூலை ஒரு நூலு இறங்கியிருக்கு" என்பாராம். கட்டையை வைத்துப் பார்த்தால் இறங்கியிருக்குமாம். இப்போது அவரே வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்த்து, "ரசமட்டமே சாஞ்சுபோச்சுடா" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வதாக அவரே சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்யாணம் ஆன மறு மாதத்திலிருந்து மேஸ்திரிக்குப் பசைக் கலவை போட்டுக் கொடுப்பவர் இந்த அம்மாள்தான். இருபத்தெட்டு வருஷம். கலவை எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்று கணவரைக் கேட்கவே மாட்டார். கணவர்தான் கேட்பார், இவர் சொல்வார். டைல்ஸைக் கல் என்றுதான் இருவரும் சொல்வார்கள். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சும் ஒன்றிரண்டு கற்களை எடுத்துவந்து தங்கள் வீட்டில் பதித்திருக்கிறார்கள். அடுப்படியில் மட்டும் பதினாறு நிறம் என்று அந்த அம்மாள் சொன்னார். "விருந்தாளி வந்தா தலை சுத்தி உட்கார்ந்துடுவாங்க," என்றார்.

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தேன். இடது இடுப்பில் எலும்புகளுக்கு நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி இருந்தது. வலது பக்கம் மேல்புறத்தில் அது அறவே இல்லை. எலும்போடு எலும்பு உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் முள் மாதிரி வளர்ச்சி வேறு. முப்பத்தொரு வருஷம் குந்தி உட்கார்ந்து, குந்தியபடியே நகர்ந்து வேலை செய்த இடுப்பு. வலி கவட்டையில் ஆரம்பித்துத் தொடை வழியாக முட்டிவரை இறங்கும் என்றார். குனிந்து செருப்பு வாரைப் போட முடியவில்லை. மூன்று மாதமாக மனைவிதான் போட்டுவிடுகிறார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஆபரேஷன் பண்ணி மூட்டை மாத்தினா வலி போயிடும், நல்லா நடக்கலாம்னாரு. அதோட இனிமே குந்தற வேலையை மறந்துடுங்கன்னும் சொல்லிட்டாரு."

"சரிதானே? வலி போனா போதாதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். அப்புறம்தான் விஷயம் வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். ஐந்து மாதக் கர்ப்பம். மகளும் மருமகனும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலையும் முடிந்தாகிவிட்டது. தரை மட்டும் பாக்கி. ஒரு ஹால், மூன்று அறை, அடுப்படி. பிரசவத்துக்கு முன்னால் குடிபோய்விட வேண்டும் என்பது மகளின் ஆசை. தரையைத் தன் கையால்தான் போடவேண்டும் என்பது இவருடைய ஆசை.

"முப்பத்தொரு வருஷமா ஊரார் வீட்டுத் தரையைத்தாம்மா போட்டேன். என் பொண்ணு வீட்ல இன்னொருத்தன் கல்லு வச்சா, நான் எந்த முகத்தோட அதுல நடப்பேன்? ஒரே ஒரு வீடு. அதுக்கு மட்டும் என்னை உட்கார வச்சிடுங்க. அப்புறம் எந்தக் கத்தியை வேணா வைங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கும். ஒருவருக்குப் பேருந்தில் ஏறவேண்டும், ஒருவருக்குத் தன் காலுறையைத் தானே போடவேண்டும். நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. என் கையால் மூட்டைச் சுற்றி இறுகியிருப்பதைத் தளர்த்த முடியும். தேய்ந்ததை வளர்க்க முடியாது. இதை அவரிடமும் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு வாரம் பார்க்கலாம் என்றேன். இப்போது தொடை மடங்குவது எழுபத்து நான்கு டிகிரி. நூறு வந்தால், தாழ்ந்த முக்காலி ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். வராவிட்டால் வேறொருவரை வைத்துத் தரையைப் போட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போகவேண்டும்.

"நூறு," என்றார் அவர். நூறு என்ன, இருநூறுகூடக் கொண்டுவந்துவிடுவேன் என்பது போல இருந்தது அவர் முகம்.

"இவர் சொல்றதை நான் கேக்க மாட்டேன்," என்றார் மனைவி. "நீங்க சொன்னாத்தான் கலவை போடுவேன். நூறு வந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். சரியாம்மா?"

சரி என்று பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

முதல் நாள் அவரைப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சற்று அகட்டி, என் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். மூட்டின் பந்து குழியிலிருந்து ஒரு நூல் அளவு விலகும். அந்த ஒரு நூலுக்காகத்தான் அத்தனை பாடும். பத்து மூச்சு இழுத்துப் பிடித்து, மெல்ல விட்டு, மறுபடி இழுப்பேன். அப்புறம் அகலமான பட்டை ஒன்றை அவர் தொடையின் மேல்பக்கமும் என் இடுப்பைச் சுற்றியும் மாட்டி, முட்டியை மடக்கிப் பிடித்தபடி நான் பின்னால் போவேன்; தொடை எலும்பு பக்கவாட்டில் நகரும். பார்க்கிறவர்களுக்கு மாட்டை இழுத்துக்கொண்டு போவது மாதிரித்தான் இருக்கும். அவரும் அதைத்தான் சொன்னார். "பொண்டாட்டி முப்பது வருஷமா இழுக்கறா, நகரல. நீங்க இழுத்து நகர்ந்துடுமா?"

"பேசாம மூச்சை விடுங்க."

"விட்டுட்டா அப்புறம் ஆபரேஷனே தேவையில்லையேம்மா."

இப்படித்தான் பேச்சு. வலியில் கட்டிலின் ஓரத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருக்கும், வாய் மட்டும் ஓயாது. தன் வேலையைப் பற்றிச் சொல்வார். எந்த அறையும் சதுரமாக இருக்காதாம். சுவர் கட்டுகிறவன் இரண்டு விரல் கோணலாகக் கட்டிவிடுவான். அந்தக் கோணல் கண்ணில் படாமல் தரையைப் போடுவதுதான் மேஸ்திரியின் திறமை. வாசலில் நின்றால் தெரிகிற வரிசைகளை நேராக வைத்துவிட்டு, கோணல் முழுவதையும் அலமாரி வரப்போகும் சுவர்ப் பக்கத்துக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட வேண்டும். "வீட்டுக்காரங்க சாகற வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டாங்க," என்றார். நான் ரசித்துக் கேட்டேன். மடச்சி.

நான்கு வாரம் நன்றாகவே போனது. வலி இறங்கியது. கம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். செருப்பு வாரைத் தானே போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தொடை மடங்குவது எண்பத்து நான்கில் வந்து நின்றுவிட்டது. அடுத்த நாளும் எண்பத்து நான்கு. அதற்கடுத்த நாளும் அதேதான். அதற்குமேல் மூட்டில் எலும்பு இடிக்கிற கல்லுத் தடை. கைக்குத் தெரியும் அது. மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது வாரம் தொண்ணூறு வந்தது. அப்புறம் தொண்ணூற்றாறு. கடைசி நாள், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று காட்டும் கோணமானியின் ஒரு கையை அவர் உடம்போடும் இன்னொரு கையைத் தொடையோடும் வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டு! அவர் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையை விலக்கி, வெளியே பெஞ்சில் இருந்த அந்த அம்மாளைக் கூப்பிட்டு, என் வாயாலேயே சொன்னேன். "வந்துடுச்சு. நூத்திரெண்டு. முக்காலி போட்டு மெதுவா செய்யட்டும்."

அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "நிஜமாவாம்மா?"

"நானே அளந்தேனே!"

இரண்டு நாள் கழித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதே கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய தொடையை நான் வலது கையால் மடக்கும்போது, பழக்கத்தில் என் இடது கை தானாக அவர் இடுப்பெலும்புக்குக் கீழே போனது. முதல் வருஷ மாணவிக்குச் சொல்லித் தரும் பாடம் அது. தொடையை மடக்கிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் மூட்டு நின்றுவிடும். அதற்குமேல் இடுப்பெலும்பே கட்டிலைவிட்டு எழும்ப ஆரம்பிக்கும். கோணமானிக்கு அது தெரியாது, ஏறிக்கொண்டே போகும். அது மூட்டின் கணக்கு அல்ல, முதுகின் கணக்கு. இடுப்பு எழும்புகிறதா என்று பார்க்கத்தான் இடது கை. தபால்காரரின் இடுப்புக்கடியில் என் கை இருக்கும்போது எனக்கு மண்டையில் உறைத்தது: மேஸ்திரிக்குக் கடைசி இரண்டு வாரமும் நான் அங்கே கையை வைக்கவே இல்லை.

என் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது, கோணமானியைப் பிடிக்க ஆளில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. எண்பத்து நான்கிலேயே நிற்கிற அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எனக்கும் அந்த நூறு வேண்டியிருந்தது. அதனால் கை போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

தபால்காரரை அப்படியே படுக்க வைத்துவிட்டு வெளியே போய் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். பின்னால் ரப்பர் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா! இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். ஹால்ல பாதி ஆயிடுச்சு. ஒரு கல்லு பிசகல. வந்து பாருங்க, முகம் பாக்கலாம்."

"வலி இருக்கா?"

"வலியா? அதுக்கு இன்னிக்கு லீவு விட்டாச்சு."

சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. நான் தப்பாக அளந்துவிட்டேன், நிறுத்துங்கள், உங்கள் இடுப்பு எண்பத்து நான்கைத் தாண்டவே இல்லை. பாதி ஹால் முடித்துவிட்டு நிற்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? "வலிச்சா உடனே நிறுத்திடுங்க," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எட்டு நாள் நான் போனே செய்யவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மத்தியானத்துக்குள் ஹால் முடிந்திருக்கும், அறை முடிந்திருக்கும், இன்னும் கொஞ்சம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அந்த அம்மாளே கூப்பிட்டார்.

"அம்மா, அவருக்குக் கால் மாட்டிக்கிச்சு. எழுந்திருக்க முடியல. உள்ள யாரையும் விட மாட்டேங்கறார். நீங்க வந்து இழுத்துவிட்டா சரியாயிடும். உடனே வாங்கம்மா."

பட்டையைப் பையில் திணித்துக்கொண்டு ஒரு வண்டியைப் பிடித்து ஓடினேன்.

ஹால் கண்ணாடி மாதிரி இருந்தது. நின்று பார்க்க நேரமில்லை. கடைசிச் சின்ன அறை வாசலில் அம்மாளும் மகளும் நின்றிருந்தார்கள். மகளுக்கு ஏழு மாதம்; கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அறை முழுவதும் புதிதாகக் கல் பதித்திருந்தது. எதிர்ச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் வெறும் சிமெண்டுத் தரை. கம்பி போட்ட ஜன்னலுக்குக் கீழே, அந்த இரண்டடிக்குள் மேஸ்திரி சுவரில் சாய்ந்து விழுந்து கிடந்தார். வலது கால் மடிந்தது மடிந்தபடி. முகத்தில் ரத்தமே இல்லை. வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஈரம் காயாத பத்து வரிசைக் கல்.

டைல்ஸ் பதிக்கிற யாரும் இதைச் செய்யமாட்டார்கள். எதிர்ச் சுவரில் ஆரம்பித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலில் வந்து முடிப்பார்கள். நேற்றுத்தான் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். இவருக்குப் பின்னால் நகர்வதற்குக் கால் வரவில்லை. ஹாலிலும் மற்ற அறைகளிலும் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அந்த அம்மாள்தான் முக்காலியோடு அவரைப் பின்னால் இழுத்திருக்கிறார். இன்று மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. விடிந்ததும் கலவையைப் போட்டுக் கொடுத்து, இரண்டு வரிசை வையுங்கள், மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் தவழ்ந்து போக முடியும் என்று வாசலிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்.

"எல்லாம் யோசிச்சுத்தாம்மா செஞ்சேன்," என்றார் அங்கிருந்து. "நாளைக்குக் காலையில இறுகிடும். அதுவரைக்கும் இந்த மூலையில படுத்துக்கலாம்னு தண்ணி பாட்டில், ரொட்டி எல்லாம் எடுத்துட்டுத்தான் வந்தேன். கால்தான் மாட்டிக்கிச்சு. நீங்க அங்கிருந்தே சொல்லுங்க, நான் செய்யறேன்."

"எப்ப மாட்டிச்சு?"

"ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் கைதான் என் வேலை. பன்னிரண்டடி தூரத்தில் அந்தக் கை எதற்கு உதவும்? வாசலில் முட்டி போட்டுக்கொண்டு வாயால் வைத்தியம் பார்த்தேன். தொடையை இரண்டு கையால் பிடியுங்கள், மூச்சை விடுங்கள், முட்டியை மெல்ல வெளியே சாயுங்கள். அவர் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார். கால் அசையும்போதெல்லாம் தொடைச் சதை துடித்து இன்னும் இறுகிக்கொண்டது. மூன்றாவது முறை அலறிவிட்டார். அவர் அலறி நான் கேட்டதே இல்லை; எத்தனை இழுத்தாலும் ஜோக்தான் அடிப்பார்.

"பலகை ஏதாவது போட்டு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வேணாம்மா! பலகை போட்டாலும் கல்லு இறங்கும். யாரும் மிதிக்காதீங்க. உங்க கால்ல விழறேன், மிதிக்காதீங்க."

"பகவானே, மனுஷன் உசிர் போகுது, கல்லாம் கல்லு," என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரும் காலை உள்ளே வைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஈரக் கல்லை மிதித்து அவருக்குப் பழக்கமில்லை.

மகள்தான் செருப்பைக் கழற்றினாள்.

"அப்பா, நான் வரேன்."

"வேணாம், கண்ணு. உனக்காகத்தான் போட்டேன். நீ மிதிக்காதே."

"இது என் வீடுப்பா."

முதல் கல்லில் கால் வைத்தாள். ஏழு மாத உடம்பு. கல் ஒரு பக்கமாக இறங்கி இடுக்கிலிருந்து பசை பிதுங்கியது. இரண்டாவது கல்லும் இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை மிதித்தாள். அவர் முதலில் கத்தினார். நான்காவது கல்லில் கத்துவதை நிறுத்தினார். அப்புறம் கையால் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். மற்றக் கற்கள் கெடாமல் இருக்கட்டும் என்று நான் அவள் மிதித்த கற்களிலேயே காலை வைத்து அவள் பின்னாலேயே போனேன்.

ஈரக் கல் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, மகள் அவர் தலையை மடியில் வாங்கிக்கொள்ள, என் இடது கையை அவர் இடுப்புக்கடியில் வைத்தேன். தொடையைத் தொட்டு ஒரு நூல் மடக்குவதற்குள் இடுப்பெலும்பு என் உள்ளங்கையை விட்டு எழும்பியது. எழுபதுகூட இருக்காது. பட்டையை மாட்டி இழுத்தேன். அரை மணி நேரம் இழுத்த பிறகு சதை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கால் பாதி நீண்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த நாலு பேர் வந்து கதவுப் பலகை ஒன்றில் அவரைக் கிடத்தித் தூக்கிப்போனார்கள். எட்டு கால்கள். அறையில் ஒரு வரிசைகூட நேராக இல்லை.

ஆபரேஷனுக்கு அடுத்த திங்கட்கிழமை தேதி குறித்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். அறையில் வேறொரு மேஸ்திரி இறுகிப்போன கற்களை உளியால் உடைத்து எடுத்துவிட்டு, எதிர்ச் சுவரிலிருந்து புதிதாக வைத்துக்கொண்டு வந்தார். நம்மவர் வாசலில் நாற்காலி போட்டு, வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்கம்மா என்றார். ஜோக் எதுவும் வரவில்லை.

"நல்லாத்தான் வைக்கிறாரு," என்றார் தரையைப் பார்த்தபடியே.

அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன். அந்த அம்மாள் வேலை செய்கிறவருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். நூற்றிரண்டு என்பது பொய்க் கணக்கு, இடுப்பு எழும்பியதை நான் பார்க்கவில்லை, கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், தெரிந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும்மா," என்றார். "கடைசி ரெண்டு வாரமும் வீட்ல கட்டில்ல படுத்துக்கிட்டு, இடுப்பைத் தூக்கிக் காலை மேல காட்டிப் பழகுவாரு. தெரியாத மாதிரி தூக்கணுமாம். எவ்வளவு வந்திருக்கு பாருன்னு என்னையே கேப்பாரு. சண்டை போட்டுப் பார்த்தேன். சரி போ, அங்க போய்ப் படுத்தா அந்தம்மா ஒரு நிமிஷத்துல பிடிச்சிடுவாங்கன்னு விட்டுட்டேன்."

அத்தனை வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எனக்குக் காது குத்தியிருக்கிறார். நானும் தலையைச் சாய்த்துக் காட்டியிருக்கிறேன்.

"அப்ப அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நிஜமாவான்னு கேட்டேனேம்மா," என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டார். "அவர் ஏமாத்துவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏமாற மாட்டீங்கன்னுதானே உங்ககிட்ட விட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை.